நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

மும்பையின் மத்திய ரயில் பாதையில் மாட்டுங்கா, சயான், குர்லா, வித்யாவிகார், காட்கோபர் என நிலையங்கள் வரிசையாக அமைந்துள்ளன. தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவை நாள்தோறும் நாவில் புழங்கும் பெயர்கள். இப்பாதையில் குர்லாவைச் சேர்ந்த மோனிகா மோரே என்னும் கல்லூரி மாணவியும் பயணம் செய்துவந்தார்.

2014 ஜனவரி 11 அன்று காட்கோபர் நிலையத்தில் மின்சார ரயிலில் ஏற முயன்றபோது, நடைமேடைக்கும் வண்டிக்கும் இடையே இருந்த இடைவெளியில் அவர் தவறி விழுந்தார். அந்த விபத்தில் தம் இரு கைகளையும் இழந்தார். உணவை எடுத்து உண்ணவும், கூந்தலை வாரவும், எழுதவும் பிறர் துணையை நாடும் நிலை ஒரே நாளில் அவருக்கு வந்தது. பின்னர் செயற்கைக் கைகள் பொருத்தப்பட்டன. அவை ஓரளவு உதவின. ஆயினும், தொட்டால் சூடு எது, குளிர்ச்சி எது என்று அவற்றால் உணர முடியவில்லை.

கைம்மாற்று அறுவை சிகிச்சை உலகிற்கே புதியது. 1964-இல் ஈக்வடார் நாட்டில் இறந்தவர் ஒருவரின் கையை மற்றொருவருக்குப் பொருத்தினர். இரண்டு வாரங்களுக்குள் உடல் அக்கையை ஏற்க மறுத்ததால் அதை நீக்க நேர்ந்தது. அதன்பின் மருத்துவ உலகம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது. 1998-இல் பிரான்சின் லியோன் நகரில் அறுவை சிகிச்சை மீண்டும் நடந்தது. இந்தியாவில் 2015 ஜனவரியில் கொச்சியின் அமிர்தா மருத்துவமனையில் முதன்முதலாக இரு கைகள் மாற்றிப் பொருத்தப்பட்டன. அச்செய்தி, கையிழந்த பலருக்கும் நம்பிக்கை அளித்தது.

எனினும், கையைத் தானமாகப் பெறுவது எளிதன்று. சிறுநீரகமும் கல்லீரலும் உடலுக்குள் மறைந்திருப்பவை. கையோ கண்ணுக்குத் தெரிவது. மகனின் கையைத் தரச் சொன்னால் எந்தத் தாயின் மனம்தான் கலங்காது? எனவே மோனிகா காத்திருக்க நேர்ந்தது. ஆறாண்டுகளுக்கும் மேலான காலம் கழிந்தது.

2020 ஆகஸ்டு மாதம். கொரோனாத் தொற்றால் நாடே முடங்கியிருந்த வேளை. சென்னையில் 32 வயதான ஒருவர் மூளைச்சாவு அடைந்தார். ஆற்றொணாத் துயரிலும் அவருடைய குடும்பத்தார் கைகளைத் தானமாக அளிக்க இசைந்தனர். தமிழ்நாட்டில் அத்தகைய மனம் முன்பே பண்பட்டிருந்தது. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவர் பெற்றோர் தானம் செய்தனர். அந்நிகழ்ச்சி மாநிலம் முழுவதும் உறுப்புதானம் பற்றிய எண்ணத்தை விதைத்தது. அவ்வழியில் வந்த மற்றொரு கொடையாகச் சென்னையிலிருந்து அக்கைகள் தனி விமானத்தில் மும்பைக்கு வந்தன. பரேலில் உள்ள குளோபல் மருத்துவமனையில் மருத்துவர் நிலேஷ் சத்பாய் தலைமையிலான குழுவினர் ஏறத்தாழ 16 மணி நேரம் அறுவை சிகிச்சை செய்தனர். எலும்பு, தசைநாண், இரத்தக் குழாய், நரம்பு, தோல் என ஒவ்வொன்றையும் உரிய இணையோடு சேர்த்தனர்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் கடினமான பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பொருத்தப்பட்ட கை முதலில் அசையாது, உணர்வும் இராது. இணைக்கப்பட்ட இடத்திலிருந்து நரம்பு மெல்ல மெல்லப் புதிதாக வளர்ந்து விரல் நுனியை அடைய வேண்டும். அது வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டுமே. முப்பது சென்டிமீட்டர் தொலைவைக் கடக்க ஏறக்குறைய முந்நூறு நாள்கள் ஆகும். அதுவரை தசைகள் இறுகிவிடாதிருக்க ஒவ்வொரு நாளும் இயன்முறைப் பயிற்சி செய்தல் வேண்டும். இன்று செய்த பயிற்சியின் பயன் இன்றே தெரிவதில்லை, நாளையும் தெரிவதில்லை. பயன் தெரியாத நாள்களிலும் பயிற்சியை விடாதிருப்பதே நோயாளியின் முதற்கடமை.

அடுத்தது, உடலின் எதிர்ப்பு. உடலுக்கென்று ஒரு காவற்படை உண்டு. அது நோய்க்கிருமிகளை அயலார் என்று கண்டறிந்து அழிக்கும். பிறர் தந்த உறுப்பையும் அது அயலாராகவே கருதும். அதனை அடக்கி வைக்க வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டும். அம்மருந்துகளுள் ஒன்று டாக்ரோலிமஸ். 1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து அது கண்டறியப்பட்டது. காலடி மண்ணில் கிடைத்த அம்மருந்து, இன்று உலகெங்கும் மாற்றுறுப்புகளைக் காத்து நிற்கிறது.

காவற்படையை அடக்கினால் வேறொரு தீங்கும் நேரும். கிருமித்தொற்று எளிதில் பற்றும். சிலருக்குச் சர்க்கரை கூடும், சிறுநீரகம் தளரும். மருந்தைக் குறைத்தாலோ உறுப்பை உடல் தள்ளத் தொடங்கும். கையாயின் தோலில் செந்நிறத் திட்டுகள் தோன்றும். அவ்வாறு தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தோலில் சிறு துணுக்கை எடுத்து ஆராய்ந்து, மருந்தின் அளவை மாற்றுவர். காலத்தே கண்டறிந்தால் பெரும்பாலும் உறுப்பைக் காப்பாற்றிவிடலாம். இத்தகைய பின்னடைவு ஒருமுறையோ பலமுறையோ வரலாம். அது நோயாளியின் தோல்வியன்று. மருத்துவர்கள் எதிர்பார்த்து ஆயத்தமாக இருக்கும் ஒன்றேயாகும்.

லியோன் நகரில் முதன்முதலாகக் கையைப் பெற்றவர் நியூசிலாந்தைச் சேர்ந்த கிளின்ட் ஹாலம். புதிய கையைத் தம்முடையதாக அவரால் ஏற்க இயலவில்லை. மருந்துகளின் பக்க விளைவுகளும் அவரை வாட்டின. காலப்போக்கில் அவர் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. உடல் அக்கையை எதிர்த்தது. இறுதியில் அவரது வேண்டுகோளின்படியே 2001-இல் இலண்டனில் அக்கை அகற்றப்பட்டது. உலகம் வியந்து பார்த்த ஒரு வெற்றி இவ்வாறு முடிந்தது. அவரைப் பழிப்பதால் பயனில்லை. அறுவை சிகிச்சை உடலுக்கு உறுப்பைத் தரும். அதை மனமும் ஏற்க வேண்டும் என்னும் உண்மையை மருத்துவர்கள் அந்நிகழ்ச்சியிலிருந்து கற்றனர். இன்று கைம்மாற்றுக்கு முன்பே நோயாளியின் மனநிலையையும் ஆராய்கின்றனர்.

மும்பை போன்ற நகரில் மாற்றுறுப்போடு வாழ்வதற்குத் தனிக் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அதில் கால் வைத்தல் ஆகாது. தெருவோரப் பானிபூரியும் காய்ச்சாத நீரும் விலக்கத்தக்கவை. கூட்டம் நிறைந்த ரயிலில் முகக்கவசம் வேண்டும். பம்பளிமாஸ் வகைப் பழங்கள் மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். அவற்றையும் தவிர்க்க வேண்டும். காலை மாத்திரையையும் மாலை மாத்திரையையும் குறித்த வேளையில் விழுங்க வேண்டும். உடல் நலமாக இருக்கும் நாளில்தான் மாத்திரை மறந்துபோகும். ஆகவே, ‘மருந்து சாப்பிட்டாயா?’ என்று கேட்பதற்கு வீட்டில் ஒருவர் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ கேட்கும் அந்தக் கேள்வியும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

மோனிகா சில வாரங்களில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார். ஆனால் பயிற்சி நிற்கவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல விரல்கள் அசைந்தன. பின்னர் அன்றாட வேலைகள் பலவற்றைத் தாமே செய்யுமளவுக்கு அவர் தேறினார் என்று செய்தித்தாள்கள் எழுதின. சென்னையில் ஒரு வீடு இழந்த கைகள், மும்பையில் ஒரு வீட்டிற்குப் பயன்பட்டன. தந்தவரின் மொழி எது, பெற்றவரின் மொழி எது என்று நரம்பு கேட்கவில்லை.

தமிழ் எழுதப் பழகும் குழந்தையின் முதல் ‘அ’ கோணலாகவே அமையும். அழித்து எழுதினாலும் மறுநாள் மீண்டும் கோணும். அக்குழந்தை எழுதுகோலைக் கீழே போட்டுவிடுவதில்லை. மாற்றுறுப்பு பெற்றவரின் வாழ்வும் அத்தகையதே. ஒரு நாள் தேறுதல், மறுநாள் காய்ச்சல். ஒரு வாரம் வீடு, மறு வாரம் மருத்துவமனை. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத நாளிலும் உள்ளே நரம்பு வளர்ந்துகொண்டிருக்கிறது, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். அதை நம்பி அன்றைய மாத்திரையை விழுங்கி, அன்றைய பயிற்சியைச் செய்து முடிப்பதே துணிவு.