முகம் காட்டாத கடைக்காரர்

விழுப்புரம் கடைத்தெருவில் ஒரு மிக்சி வாங்குகிறோம். வீட்டிற்கு வந்து பார்த்தால் சுற்றவில்லை. மறுநாள் காலையில் அதைப் பையில் போட்டுக்கொண்டு, பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் நிற்கிறோம். கடைக்காரர் முகம் சுளிக்கலாம். இரண்டு வார்த்தை கூடுதலாகவும் பேசலாம். ஆயினும் நாம் எதிரில் நிற்கிறோம். நாலு பேர் பார்க்கிறார்கள். இறுதியில் வேறு மிக்சி கிடைக்கிறது, அல்லது பணம் கிடைக்கிறது. வாணிபம் என்பது நெடுங்காலமாக முகத்துக்கு முகம் நடந்துவந்த காரியம்.

இன்று நம் பிள்ளைகள் வாங்கும் சில பொருள்களுக்கோ போய் நிற்கக் கடை வாசலும் இல்லை. கையில் எடுத்துத் திருப்பிக் கொடுக்கப் பொருளும் இல்லை. அத்தகைய பொருள் பழுதாக இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது? இந்தக் கேள்வி அண்மையில் எங்கள் குடும்பத்தின் முன் வந்து நின்றது. பலருக்கும் பயன்படும் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

திண்டிவனத்தில் இருக்கும் என் தங்கையின் மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். அவனுடைய அத்தா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். இரண்டு ஆண்டுகளாகப் பெரியவர்கள் கொடுத்த பெருநாள் காசைச் செலவழிக்காமல் சேர்த்துவைத்து, 2,499 ரூபாய்க்கு ஒரு கணினி விளையாட்டை இணையக் கடையில் வாங்கினான். தாயின் வங்கி அட்டை, தாயின் பெயரில் கணக்கு, தாயின் சம்மதம் என எல்லாம் முறைப்படியே நடந்தன. விளையாட்டு இயங்குவதற்குக் கணினியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்ததோ, அவை அனைத்தும் அவன் கணினியில் இருந்தன. ஆயினும் திறந்த ஒரு நிமிடத்தில் திரை கறுத்து நின்றுவிடும்.

அன்றிரவே பணத்தைத் திருப்பித் தருமாறு எழுதினான். சில நிமிடங்களில் பதில் வந்தது: மின்வடிவில் விற்கப்பட்ட பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படமாட்டாது. மறுபடியும் எழுதினான், அதே வாசகம் வந்தது. மூன்றாம் முறை, விளையாட்டை நீக்கிவிட்டு மீண்டும் ஏற்றிப் பார்க்கச் சொன்னார்கள். அவன் அதை ஏற்கெனவே நான்கு தடவை செய்திருந்தான். பதிலின் அடியில் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பெயர் இருந்தது. பெயர்தான் மாறியதே தவிர வாசகம் மாறவில்லை. மனிதர் எழுதுகிறாரா, இயந்திரம் எழுதுகிறதா என்றே தெரியவில்லை.

இதற்கிடையில் என் தங்கை, அந்தக் கடையின் வாடிக்கையாளர் சேவை எண் என்று இணையத்தில் கிடைத்த ஓர் எண்ணை அழைத்திருக்கிறாள். பேசியவர் மிகப் பணிவாகப் பேசி, பணம் உடனே வரவேண்டுமானால் செல்பேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு, வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள் என்றாராம். தங்கை இணைப்பைத் துண்டித்துவிட்டாள். பணத்தைத் திருப்பித் தருவதற்கு எவருக்கும் நம் ஓ.டி.பி. தேவையில்லை. சகோதரிகள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அப்படி எவரேனும் ஏமாந்துவிட்டால், தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

"போனது போகட்டும் அண்ணே, இதற்காக யாரோடு மல்லுக்கட்டுவது?" என்றாள் தங்கை. பையனோ, "மாமா, வேலை செய்யாத பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டான். அவன் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லையென்றால், பெரியவர்கள் என்று நாம் எதற்கு இருக்கிறோம்? அடுத்த ஞாயிறன்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினேன்.

அன்று நாங்கள் செய்தது ஒன்றுதான். வாங்கியதற்கான ரசீது, வங்கியில் பணம் கழிந்த பதிவு, விற்பனைப் பக்கத்தின் படம், கறுத்த திரையின் படம், கடையிலிருந்து வந்த பதில்கள் ஆகிய அனைத்தையும் தேதிவாரியாக அடுக்கி ஒரே கோப்பில் வைத்தோம். முகம் பார்த்துப் பேச முடியாத வியாபாரத்தில் நமக்காகப் பேசுவது தாள் ஒன்றே.

சட்டம் என்ன சொல்கிறது? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மின்னணு வணிகத்தை வரையறுக்கும்போது மின்வடிவப் பொருள்களையும் சேர்த்தே சொல்கிறது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்னணு வணிக விதிகளின்படி, குறைதீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். கடை கடல் கடந்து இருந்தாலும், இந்திய மக்களுக்குத் தொடர்ந்து விற்பனை செய்தால் இவ்விதிகள் அதற்கும் பொருந்தும்.

அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின்படி, எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தையோ விவகாரம் எழுந்த இடத்தையோ பார்த்தே வழக்குத் தொடுக்க வேண்டும். புதிய சட்டமோ வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே முறையிட வழிசெய்திருக்கிறது. திண்டிவனத்துத் தாய் ஒருத்தி விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதே நிபந்தனை.

கணக்கு தாயின் பெயரில் இருந்ததால் அவர் பெயரிலேயே குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதினோம். 48 மணி நேரம் கழிந்தும் பதில் இல்லை. பின்னர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகாரைப் பதிவு செய்தோம். அதன் பிறகுதான் வாசகம் மாறியது. முதலில், பணத்தைக் கடையின் கணக்கிலேயே வரவு வைக்கிறோம், வேறு விளையாட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். "அது அவர்கள் பெட்டியிலேயே இருக்கும் பணம்தானே, அதை எப்படித் திரும்பி வந்த பணம் என்பது?" என்று கேட்டு என் தங்கை மறுத்துவிட்டாள். போனது போகட்டும் என்று சொன்னவள் அவளேதான்! வாங்கிய 43ஆம் நாள் முழுத்தொகையும் அவளது வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. ஆணையத்துக்கென எழுதி வைத்திருந்த மனுவுக்கு வேலையில்லாமல் போயிற்று.

எங்களுக்கு நேர்ந்தது புதுமையன்று. ஸ்டீம் என்ற பெரும் இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது, ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2014இல் வழக்குத் தொடுத்தது. பணம் திருப்பித் தரப்படாது என்று அந்நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்ததே குற்றச்சாட்டு. ஆஸ்திரேலியச் சட்டம் தனக்குப் பொருந்தாது என்று நிறுவனம் வாதாடியது. 2016இல் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்காமல், மக்களைத் தவறாக வழிநடத்தியதாகத் தீர்ப்பளித்து, 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டு முயற்சிகளும் 2018இல் முடிவுக்கு வந்தன. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2015 ஜூன் மாதத்தில், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்ற ஏற்பாட்டை அந்தக் கடை உலகெங்கும் கொண்டுவந்தது.

அந்த இரண்டு மணி நேர வரம்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. விளையாட்டை முழுவதும் ஆடித் தீர்த்துவிட்டுப் பணத்தைக் கேட்பவன், உண்டு முடித்துவிட்டு உணவு சரியில்லை என்று சொல்பவனுக்கு ஒப்பானவன். விற்பவருக்கு ஒரு நேர்மை வேண்டுமென்றால் வாங்குபவருக்கும் அது வேண்டும். பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அன்பு வாசகர்களே! நம்மில் பலர் சிறு தொகை என்று விட்டுவிடுகிறோம். சிறு தொகைக்காக எவரும் அலையமாட்டார்கள் என்ற கணக்கில்தான் பல "முடியாது"கள் எழுதப்படுகின்றன. ஆயிரம் பேர் பேசாமல் இருந்துவிட்டால் அந்தச் சிறு தொகைகள் சேர்ந்து பெருந்தொகை ஆகிவிடும். ஆகவே வாங்கும்போதே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாங்குமுன் திருப்பித் தரும் நிபந்தனையைப் படியுங்கள். பழுது தெரிந்த அன்றே எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915ஐ அழையுங்கள். கோபப்பட வேண்டியதில்லை, கெஞ்ச வேண்டியதுமில்லை. உரிமையுள்ளவர் பணிவோடும் உறுதியோடும் கேட்டால் போதும். வீட்டில் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.