காந்தத்தில் ஒட்டாத துகள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பவர் என் தந்தையார். எண்ணெய் மாற்றும்போது அவர் செய்யும் சோதனை ஒன்று உண்டு. வடித்த எண்ணெயில் நூலில் கட்டிய காந்தத்தை விட்டு அலசுவார். காந்தம் சுத்தமாக வந்தால், "ஒண்ணும் இல்ல, தைரியமா போ" என்பார். அந்தச் சொல்லை நம்பிப் பல ஆண்டுகளாகப் படகுகள் கடலுக்குச் சென்று திரும்பின.

சென்ற ஆண்டு என் மாமாவின் படகுக்கும் அப்படித்தான் சொன்னார். ஐந்தாம் நாள் நடுக்கடலில் இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. பிரித்துப் பார்த்தால், பேரிங்கின் செம்புக் கலவைப் பூச்சு உரிந்து கிடந்தது. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தையின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அன்றிரவு தந்தையார் சோறு உண்ணவில்லை. "காந்தம் சுத்தமா இருந்துச்சேடா" என்று மட்டும் சொன்னார்.

காந்தம் பொய் சொல்லவில்லை. அது இரும்பைத்தானே இழுக்கும்? செம்பும் ஈயமும் அதற்கு அகப்படா. பள்ளியிலேயே படித்த பாடம் இது. ஆயினும் இயற்பியல் மாணவனாகிய நான் அதை என் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. அந்தக் குற்ற உணர்வுதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

1940களிலேயே அமெரிக்க ரயில்வே ஒன்று, டீசல் இன்ஜின் எண்ணெயை எரித்து, அதன் நிறமாலையிலிருந்து உலோகத் தேய்மானத்தைக் கண்டறிந்தது. 1970களில் வெஸ்ட்காட் என்பவர் எண்ணெயிலுள்ள துகள்களைக் கண்ணாடித் தகட்டில் படியவைத்து, நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை அமைத்தார். இன்றோ இன்ஜின் ஓடும்போதே சொல்லும் உணர்கருவி வந்துவிட்டது. எண்ணெய்க் குழாயைச் சுற்றி மூன்று கம்பிச்சுருள்கள். இருபுறச் சுருள்களின் காந்தப்புலங்கள் நடுவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். துகள் கடந்தால் அந்தச் சமநிலை குலையும். இரும்பு புலத்தை வலுவாக்கும். செம்பில் எழும் சுழல் மின்னோட்டம் அதை எதிர்க்கும். ஆகவே இரண்டின் சைகையும் நேர்மாறாக இருக்கும். லென்ஸ் விதி தேர்வுக்கு மட்டுமன்று என்பது எனக்கு அன்று விளங்கியது.

ஆனால் ஒரு சிக்கல். தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய துகளும் சிக்க வேண்டுமானால் குழாய் குறுகலாக வேண்டும். குறுகினால் இன்ஜின் எண்ணெய் முழுவதும் அதன் வழியே ஓடாது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஆராய்ச்சியாளர் இன்றும் முயல்கின்றனர்.

எல்லாவற்றையும் தந்தையாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "இது இன்னா வெல ஆவும்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயில் மூன்று சுருள்கள் சுற்றிப் பார்த்தேன். இரும்புத் தூளுக்கு முள் அசைந்தது. செம்புத் தூளுக்கு அசையவில்லை. இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

தந்தையார் காத்திருக்கவில்லை. இப்போது காந்தத்தோடு ஒரு வெள்ளைத் துணியும் வைத்திருக்கிறார். எண்ணெயை அதில் வடிகட்டி, வெயிலில் விரித்து, செந்நிற மினுக்கம் தெரிகிறதா என்று குனிந்து பார்க்கிறார். "தைரியமா போ" என்று சொல்வதற்கு முன் இப்போதெல்லாம் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறார்.