துணி சுத்தின ஹோஸுக்குள்ள என்ன இருக்கு?

எங்கட வீட்டில ஒரு மொறிஸ் மைனர் 1000 நிக்குது. அப்பப்பா வாங்கினது, இப்ப சித்தப்பாவின்ர பொறுப்பு. ஆர் வந்தாலும் சித்தப்பா பொனற்றைத் திறந்து "எல்லாம் ஒறிஜினல்" எண்டு காட்டுவார். காபரேற்றர் ஒறிஜினல். பெற்றோல் பம்ப் ஒறிஜினல். பம்பில இருந்து காபரேற்றருக்குப் போற துணி சுத்தின ஹோஸும் ஒறிஜினல். முதல் ரெண்டும் பெருமைப்பட வேண்டிய விசயங்கள்தான். மூண்டாவதைக் கேட்டால் பயப்பட வேணும்.

மொறிஸ் மைனர் 1948 இல் வந்தது. 1970களின் தொடக்கத்தோட அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அப்ப அந்த ஹோஸுக்கு என்ர அம்மாவைவிட வயது கூட. இரும்பு இவ்வளவு காலம் நிற்கும், பித்தளையும் நிற்கும். இறப்பர் நிற்காது. பெற்றோல் இறப்பரை ஊற வைக்கும், அதை மென்மையாக வைத்திருக்கிற பொருளையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகும். பிறகு பெற்றோல் வற்றினால் இறப்பர் இறுகி வெடிக்கும். அதனால் ஓடாமல் நிற்கிற காரின்ர ஹோஸும் பழுதாகும். 2022 இல் வரிசையில நின்று கிடைத்த பெற்றோல் எல்லாம் எங்கட வீட்டில மோட்டார்ச் சைக்கிளுக்குத்தான் போனது. கியூஆர் கோட்டா வந்த பிறகும் அதே கதை. கார் மாதக்கணக்கில் காய்ந்துபோய் நின்றது. சித்தப்பா அதைச் சீலை போட்டு மூடி, தூசு தட்டிக் கவனமாகத்தான் பார்த்தார். ஆனால் ஹோஸுக்குள்ள நடந்தது சீலைக்குத் தெரியாது.

இதில என்ன ஆபத்து எண்டு விளங்க பொனற்றுக்குள்ள ஒருக்கா எட்டிப் பார்க்க வேணும். இந்தக் காரின்ர ஏ-சீரிஸ் என்ஜினில காற்றும் பெற்றோலும் உள்ளே போற பக்கமும் புகை வெளியே வாற பக்கமும் ஒன்றுதான். அதாவது காபரேற்றருக்குக் கீழேயே, கொதிக்கிற எக்ஸோஸ்ட் மனிபோல்ட். ஹோஸில ஒரு வெடிப்பு வந்தால் சொட்டுறது அதுக்கு மேலதான். பம்ப் மின்சாரத்தில வேலை செய்யிறது. திறப்பு 'ஒன்'னில இருக்கும்வரை, ஹோஸ் கிழிந்தாலும் அது பாட்டுக்குப் பெற்றோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, எங்கட கார் ரெண்டு கதவு மொடல். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகேக்க பின் சீற்றில சின்னாக்கள் நாலு பேர் ஏறுவினம். அவை இறங்க வேணுமெண்டால் முதலில முன் சீற்றில இருக்கிறவர் இறங்கி, சீற்றை மடக்க வேணும்.

சித்தப்பா லேசில சம்மதிக்கேல்லை. "இந்தக் கார் மண்ணெண்ணெயிலேயே ஓடினது" எண்டார். உண்மைதான். 90களில பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில, துளிப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓட்டின ஊர் இது. கிடைத்த குழாயைக் கொழுவி, கிடைத்த கம்பியால இறுக்கின கதைகளை அப்பாவும் சொல்லுவார். அந்தக் கெட்டித்தனத்தை நான் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனால் மண்ணெண்ணெய் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தர ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேல சூடாக வேணும். பெற்றோலுக்குச் சைபருக்குக் கீழே 40 பாகையே போதும். அதோட, பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, கீழே தேங்கி நிற்கும். அந்த நாளில கசிஞ்சும் ஒண்டும் நடக்கேல்லை எண்டது இண்டைக்கு உத்தரவாதம் இல்லை.

ஹோஸ் வாங்கப் போன கடையில, அடிக்கணக்கில வெட்டி விற்கிற கறுத்த ஹோஸ் ஒன்றை எடுத்துத் தந்தார்கள். அதில ஒரு எழுத்தும் இல்லை. நான் படிச்சது கலைப்பீடத்தில. அதனாலோ என்னவோ, ஹோஸிலயும் முதலில வாசிக்க ஏதாவது இருக்கோ எண்டுதான் பார்த்தன். பெற்றோல் ஹோஸில எஸ்.ஏ.ஈ. ஜே30 எண்டும், அதோட ஆர்6, ஆர்7, ஆர்9 எண்டு ஒரு வகையும் அச்சடிச்சிருக்க வேணும். ஆர்6, ஆர்7 காபரேற்றர் வாகனங்களுக்குரிய குறைந்த அழுத்த ஹோஸ்கள். ஆர்9 இன்ஜெக்‌ஷன் வாகனங்களுக்கு வந்தது. எங்கட பம்ப் தாற அழுத்தத்துக்கு ஆர்9 தேவையில்லைத்தான். ஆனாலும் அதின்ர உட்பக்கம் ஃப்ளோரோ இறப்பர், வைற்றன் எண்டு சொன்னால் கடைக்காரருக்கு விளங்கும். அது பெற்றோலையும் எதனோலையும் நல்லாத் தாங்கும், ஆவியையும் குறைவாகத்தான் வெளியே விடும். பிரித்தானியாவில 2021 செப்ரெம்பரில இருந்து சாதாரண பெற்றோலில 10 சதவீதம் வரை எதனோல் கலக்கினம், அங்கத்தைய பழைய கார்க்காரருக்கு அது பெரிய தலையிடி. எங்களுக்கு வயசும் வெயிலுமே காணும். அச்சில்லாத ஹோஸையும், தண்ணி ஹோஸையும், உள்ளே பெற்றோல் தெரியிற பிளாஸ்ரிக் குழாயையும் வாங்க வேண்டாம்.

அளவும் முக்கியம். கால் இஞ்சி இரும்புக் குழாய்க்குக் கால் இஞ்சி, அதாவது 6.35 மில்லிமீற்றர் உள்விட்டம் உள்ள ஹோஸ்தான் வேணும். எட்டு மில்லிமீற்றரை வாங்கி, கிளிப்பை இறுக்கிச் சமாளிக்கக் கூடாது. கிளிப்பும் உட்பக்கம் வழுவழுப்பானதாக இருக்க வேணும். பல்லு வெட்டின கிளிப் இறப்பருக்குள்ள இறங்கி அதை வெட்டும்.

மாத்தினது ஊரிலுள்ள மெக்கானிக் அண்ணை ஒருவர். முதலில பற்றரி வயரைக் கழற்றினார், என்ஜின் ஆறும்வரை இருந்தார், தீயணைக்கிற பவுடர் சிலிண்டரைப் பக்கத்தில வைச்சார். பழைய ஹோஸை முறுக்கி இழுக்கேல்லை. முறுக்கினால் பம்பின்ர முனை வளைஞ்சு போகுமாம். கத்தியால நீளவாக்கில கீறித்தான் கழற்றினார். "இஞ்ச பார் பிள்ளை" எண்டு விரிச்சுக் காட்டினார். வெளியில துணி அப்பிடியே இருந்தது. உள்ளே இறப்பர் பாளம் பாளமாக வெடிச்சு, விரலில கறுப்பாய் ஒட்டினது. காபரேற்றரின்ர ஃப்ளோட் கிண்ணத்துக்கு அடியிலயும் அதே கறுப்புத் தூள். சித்தப்பா ஒண்டும் பேசேல்லை. கொஞ்ச நேரத்தால "பின்னால ராங்குக்குக் கிட்ட இருக்கிற துண்டையும் மாத்துங்கோ" எண்டார்.

பழசைப் பேணுறது பற்றி வகுப்பில நிறையக் கதைக்கிறம். எதை அப்படியே வைக்க வேணும், எதை மாத்தலாம் எண்ட கேள்விக்கு அங்க ஒருநாளும் ஒரே விடை வந்ததில்லை. இந்தக் காரில எனக்கு ஓரளவு தெளிவாத் தெரிஞ்சது: தேஞ்சுபோக எண்டே செய்த பொருளை மாத்தினால்தான் மற்றதெல்லாம் மிஞ்சும். அப்பப்பாவும் ரயரையும் பிறேக் இறப்பரையும் மாத்தி மாத்தித்தான் ஓடியிருப்பார். ஒறிஜினல் எண்ட சொல்லு அவருக்குத் தேவைப்பட்டிராது.

உங்கட வீட்டிலயும் இப்பிடி ஒரு கார் நிண்டால் இதைச் செய்து பாருங்கோ. காலமை கதவைத் திறக்கேக்க பெற்றோல் மணக்குதோ? ஹோஸை விரலால மடிச்சால் கீறல் தெரியுதோ? துணி சுத்தினதெண்டால் வெளியில பார்த்து ஒண்டும் தெரியாது, வயசை மட்டும் கேளுங்கோ. மின்சாரப் பம்ப் எண்டால், என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் போடுங்கோ. கொஞ்ச நேரம் டிக் டிக் எண்டு அடிச்சு நிண்டால் நல்லம். நிக்காமல் அடிச்சால் பெற்றோல் எங்கேயோ போகுது, இல்லாட்டிக் காற்று இழுக்குது, இல்லாட்டிப் பம்பிலயே பழுது. திறப்பை நிப்பாட்டிப்போட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கோ. அதுவரை சின்னாக்களை ஏத்த வேண்டாம்.