சளிக்காய்ச்சலில் கல்லீரலைக் கவனித்தல்

இன்ஃபுளூயன்சா, ஆர்.எஸ்.வி., அடினோவைரஸ் போன்ற கிருமிகளால் மூச்சுத்தொற்று கண்ட குழந்தைகளின் இரத்தத்தில், கல்லீரல் செல்கள் சேதமுறும்போது கசியும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்னும் நொதிகள் சற்றுக் கூடியிருப்பது குழந்தை மருத்துவர்களுக்குப் பழகிய செய்தி. பெரும்பாலும் தொற்று அடங்கும்போது அவையும் தாமாகவே இறங்கிவிடும். ஆய்வக அறிக்கையைக் கண்டு பெற்றோர் பதறும்போது, அந்த நொதி எங்கிருந்து வந்தது என்பதையே மருத்துவர் முதலில் ஆராய வேண்டும். ஏ.எஸ்.டி. தசையிலும் உண்டு. இன்ஃபுளூயன்சா பி தொற்றில் காய்ச்சல் தணியும் தறுவாயில் சில குழந்தைகள் கெண்டைக்கால் வலியால் குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடப்பார்கள். அப்போது தசை நொதியான சி.பி.கே. பன்மடங்கு உயர்ந்து, ஏ.எல்.டி. பின்தங்கியிருந்தால், பழுது கல்லீரலில் இல்லை. கெண்டைக்காலை அழுத்திப் பார்க்க அரை நிமிடம் போதும்.

கல்லீரல் செயலிழக்கிறதா என்பதை நொதிகளின் அளவைவிட இரத்தம் உறையும் நேரம், சர்க்கரை, அம்மோனியா, குழந்தையின் விழிப்புணர்வு ஆகியவையே தெளிவாகச் சொல்லும். ஆஸ்திரேலிய நோய்க்குறியியல் அறிஞர் டக்ளஸ் ரை 1963-இல் விவரித்த நோய்க்கூட்டத்தில், ஃபுளூவோ சின்னம்மையோ தணிந்துவரும் குழந்தைக்கு ஓயாத வாந்தியும் மந்தமும் தோன்றி, கல்லீரலில் கொழுப்புப் படிந்து மூளை வீங்கும். ஆயினும் பெரும்பாலும் கண்ணில் மஞ்சள் தெரியாது. ஆஸ்பிரினுடன் அதற்குள்ள தொடர்பு வெளிப்பட்டு எச்சரிக்கைகள் பரவியதும், அமெரிக்காவில் 1980-இல் 555 ஆகப் பதிவான நோயாளர் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. ஒரு மருந்தை விலக்கியதாலேயே இத்தனை குழந்தைகள் காக்கப்பட்டது, குழந்தை மருத்துவம் பெருமைப்படத்தக்க சாதனை.

இன்று அதே கவனம் பாராசிட்டமாலுக்குத் தேவைப்படுகிறது. உரிய அளவில் அது நல்ல மருந்துதான். ஒரு வேளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதே கணக்கு. ஆனால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கக்கூடும். சிரப்பிலோ ஐந்து மில்லியில் 125 அல்லது 250 இருக்கும். சிரப்பென்று எண்ணிச் சொட்டு மருந்தை ஐந்து மில்லி புகட்டினால், பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரே வேளையில் 500 மில்லிகிராம் போய்விடும். சளிக்குத் தரும் கூட்டு மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், சாப்பிடாமல் வாந்தியெடுத்துச் சோர்ந்த குழந்தைக்கு நாள்கணக்கில் இரட்டை அளவு சேர்ந்துவிட வாய்ப்புண்டு. அளவு மீறியது விரைவில் தெரிந்தால் அசிட்டைல்சிஸ்டைன் என்னும் முறிமருந்தால் கல்லீரலைக் காக்க முடியும்.

ஆகவே, காய்ச்சல் தணிந்த பிறகும் குழந்தை ஓயாமல் வாந்தியெடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, கண் மஞ்சளாகட்டும் என்று காத்திராமல், கொடுத்த மருந்துக் குப்பிகள் அனைத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.