எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள்

உத்திரமேரூர் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக நான் சேர்ந்த காலத்தில், மாதக் கூட்டம் என்றாலே வயிறு கலங்கும். கருத்தடை ஆபரேஷன் எத்தனை, காப்பர் டி எத்தனை என்று கணக்குக் கேட்பார்கள். பெண்களைக் ‘கேஸ்’ என்றுதான் சொல்வோம்.

காப்பர் டி போட்டு இரண்டு மாதமான ஒருத்தி, “உதிரம் நிக்கல சிஸ்டர், எடுத்துடுங்க” என்று வந்து நின்றாள். கணக்கில் ஒன்று குறையுமே என்று, “போகப்போக சரியாயிடும்மா” என்று திருப்பி அனுப்பினேன். அவள் வெளியில் காசு கொடுத்து எடுத்துக்கொண்டாள். அதன்பின் அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் என்னைத் திண்ணையில் உட்காரச் சொல்லவில்லை.

1996 ஏப்ரலில் இத்தனை கேஸ் கொண்டுவர வேண்டும் என்ற இந்த இலக்கு முறை நாடு முழுவதும் கைவிடப்பட்டது. “எப்போ போட்டுக்கப் போறே?” என்று கேட்டுவந்த நான், “அடுத்த பிள்ளை எப்போம்மா வேணும்?” என்று கேட்கப் பழகினேன். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எந்த முறை பொருந்தும் என்று பேசவே முடியும். ஐந்தாறு வருஷம் போகட்டும் என்பவளுக்குக் காப்பர் டி. வீட்டில் மாத்திரை அட்டை கண்ணில் படக்கூடாது என்பவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தரா ஊசி. அந்த ஊசியால் மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகலாம். நிறுத்தினாலும் கரு தங்கச் சில மாதம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், நாள் தள்ளியதும் கர்ப்பமோ என்று பயந்துபோவாள். இரண்டாவது ஊசிக்கு வரமாட்டாள்.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. எண்ணிக்கையைக் குறைக்கும் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அதே ஆய்வில், மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது ஆயிரத்தில் ஒருவருக்குத்தான். ஆண்களுக்கான தழும்பில்லாத சிகிச்சை எளியது, அன்றே வீடு திரும்பலாம். இருந்தும் நாங்கள் பெண்களிடமே பேசினோம். ஆண்கள் வீட்டிலிருக்கும் மாலை நேரத்தில் நாங்கள் அந்தப் பக்கம் போனதே இல்லை.

புதிதாக வரும் செவிலியர் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். காப்பர் டியை எடுத்துவிடச் சொன்னால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் எடுத்துவிடுங்கள். வேறு என்ன முறை இருக்கிறது என்று பிறகு பேசலாம். விட்டுவிட முடியும் என்று தெரிந்தால்தான் ஒருத்தி துணிந்து தொடங்குவாள். தேவைப்படும்போது உங்களிடமே திரும்பி வருவாள். வரும்போது தன் நாத்தனாரையும் கூட்டிவருவாள்.