ஆபிட்ஸில் ஓர் அறை

சென்னையிலிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸில் வருவோரில் பெரும்பாலோர் செக்கந்தராபாத்திலேயே இறங்கிவிடுவார்கள். கடைசிவரை உட்கார்ந்திருப்பவர்கள் இறங்கும் இடம் நாம்பள்ளி. நிஜாம் ஆட்சிக் காலத்தில், 1907-இல், தோன்றிய நிலையம் அது. வெளியே வந்தவுடன் கண்ணில் படுபவை தங்கும் விடுதிகளின் பெயர்ப் பலகைகளே. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் ஆபிட்ஸ் கடைத்தெரு இருக்கிறது. துணி, புத்தகம், நகை, செருப்பு, எதுவும் அங்கே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பி விற்பார்கள்.

தெருக்களுக்கு அரசர் பெயரும் அமைச்சர் பெயரும் வைப்பது உலக வழக்கம். ஆபிட்ஸுக்கு அமைந்ததோ ஒரு பணியாளரின் பெயர். ஆல்பர்ட் ஆபித் என்பவர் ஆர்மீனியர். ஆறாவது நிஜாமாகிய மகபூப் அலி கானின் அணுக்கப் பணியாளராக இருந்தவர். மன்னர் எந்த உடையை உடுப்பது, எந்தக் கடிகாரத்தை அணிவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அவர் இங்கே ஒரு கடை வைத்தார். கடை மறைந்தது, பெயர் நின்றுவிட்டது.

மன்னர் ஒருமுறை அணிந்ததை மறுமுறை நாடமாட்டார் என்பதும், அவர் கழற்றிப் போட்டவை ஆபித்தின் கடைக்கு வந்து, மீண்டும் அவருக்கே விலையாகின என்பதும் ஐதராபாத்தில் வழங்கும் கதை. கதையில் எத்தனை பங்கு உண்மையோ! உடைப் பொறுப்பாளர் செல்வராகிவிட்டால் ஊர் இப்படித்தான் பேசும்.

2023-ஆம் ஆண்டு தை மாதத்தில், உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்று இந்தப் பக்கத்தில் நடந்தது. கும்பகோணத்திலிருந்து என் அத்தை வந்திருந்தார். லாலாகுடாவில் எங்கள் ரயில்வே குடியிருப்பு இரண்டே அறை. அங்கே ஏற்கெனவே எட்டுப் பேர். ஆகவே அத்தைக்கும் அவர் மகளுக்கும் ஆபிட்ஸ் அருகில் ஒரு நடுத்தர விடுதியில் அறை எடுத்துக் கொடுத்தேன். விடுதியின் பெயர் இங்கே வேண்டாம்.

திருமணத்துக்கு மறுநாள் மாலை அவர்களுக்கு ஊர் திரும்பும் வண்டி. காலைப் பொழுது மீதமிருந்தது. மூசி ஆற்றைத் தாண்டி, சார்மினாரைப் பார்த்துவிட்டு, புரானி ஹவேலிக்கு அழைத்துச் சென்றேன். சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குச் செல்லும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இங்கே வருவதில்லை. உண்மையில் தவறவிடக் கூடாத இடம்.

புரானி ஹவேலி என்றால் பழைய மாளிகை. மகபூப் அலி கான் வாழ்ந்த வீடு. அவருடைய உடை அறையை இன்றும் காணலாம். அறை என்று சொல்வது பொருந்தாது. மாளிகையின் ஒரு பக்கம் முழுவதும் நீளும் கூடம் அது. இரு புறமும் இரண்டு அடுக்காக மர அலமாரிகள். மேலடுக்குக்கு ஏறக் கையால் இயக்கும் மர லிஃப்ட் ஒன்று உண்டு. அத்தை அந்தக் கூடத்தின் நடுவில் நின்று இரு புறமும் பார்த்தார். "ஏன் தம்பி, இவ்வளவு துணிமணியையும் எவன் எண்ணி வைத்துக் காத்தான்?" என்று கேட்டார்.

அப்பொழுதுதான் நான் வாயைத் திறந்தேன். ஆபித்தின் கதையைச் சொன்னேன். ஜேக்கப் வைரத்தின் கதையையும் சொன்னேன். 1891-இல் அலெக்சாண்டர் ஜேக்கப் என்ற நகை வணிகர், ஆபித்தின் வழியாக நிஜாமிடம் ஒரு பெரிய வைரத்தை விற்க வந்தார். எடை 184.75 காரட். 46 லட்சம் ரூபாய் விலை பேசி, அதில் பாதியை நிஜாம் முன்பணமாகக் கொடுத்தார். பிறகு வைரம் வேண்டாம் என்றார், பணம் திரும்பவில்லை. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் ஜேக்கப் மீது நம்பிக்கை மோசடி வழக்கு நடந்தது. அவர் விடுதலையானார். பின்னர் ஏற்பட்ட சமரசத்தில் வைரம் நிஜாமிடமே வந்தது. வழக்கால் வெறுப்புற்ற மன்னர் அதைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளவில்லை. அவர் 1911-இல் காலமான பின், மகன் உஸ்மான் அலி கான் அதைத் தந்தையின் பழைய காலணி ஒன்றின் நுனியில் கண்டெடுத்து, காகிதங்கள் பறக்காமலிருக்க மேசைமேல் வைத்துக்கொண்டார் என்பர். 1995-இல் இந்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கிய 173 நிஜாம் நகைகளில் அந்த வைரமும் ஒன்று.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். 2018-ஆம் ஆண்டுத் திருட்டையும் சொன்னேன். அதே மாளிகையில்தான் நிஜாம் அருங்காட்சியகம் இருக்கிறது. ஏழாவது நிஜாமின் வெள்ளிவிழாவில் அவருக்கு வந்த பரிசுப் பொருள்கள் முதலியன அங்கே வைக்கப்பட்டுள்ளன. 2018 செப்டம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு, காற்றுப்போக்கியின் கம்பியை அகற்றிக் கயிற்றில் இறங்கிய திருடர்கள், மணிகள் பதித்த தங்க டிபன் பாக்ஸையும், தங்கக் கோப்பை, தட்டு, கரண்டி ஆகியவற்றையும் எடுத்துச் சென்றனர். டிபன் பாக்ஸ் மூன்று அடுக்கு. ஏறத்தாழ இரண்டு கிலோ. உள்ளே வேலை செய்பவர்களின் துணையில்லாமல் இது நடக்குமா என்றே ஊரில் முதலில் பேசினார்கள். சில நாட்களில் இருவர் பிடிபட்டனர், பொருள்களும் மீண்டன. இருவரும் அருங்காட்சியகப் பணியாளர்கள் அல்லர். மும்பையில் ஒரு பெரிய ஹோட்டலில் தங்கியிருந்தபோது அவர்களில் ஒருவன் அந்தத் தங்கப் பாத்திரத்திலேயே சாப்பிட்டான் என்று காவல் துறையினர் கூறினர். இந்த இடத்தில் அத்தை சிரித்தார். ஆனால் வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அவர் பேச்சு நின்றுவிட்டது.

விடுதிக்கு வந்தவுடன் அத்தை பெட்டியைத் திறந்தார். இரண்டரைப் பவுன் சங்கிலியைக் காணோம்.

பெட்டியைக் கவிழ்த்தோம். மெத்தையைத் தூக்கினோம். தலையணை உறைகளைக் கழற்றி உதறினோம். அத்தையின் மகள் அழத் தொடங்கினாள். "அந்தப் பொம்பளைதான் காலையில் வாளியோடு வாசலில் நின்றாள்" என்றார் அத்தை. நான் கீழே இறங்கி மேலாளரிடம் சொன்னேன்.

அறைகளைத் துடைப்பவர் நாற்பது வயதிருக்கக்கூடிய ஓர் அம்மாள், மகபூப்நகர் மாவட்டத்துக்காரர். பாலமூர் என்று அந்தப் பகுதியின் பழைய பெயரைச் சொன்னால், ஊர்விட்டு ஊர் கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆறாம் நூறு அறை வரிசை முழுவதும் அவர் பொறுப்பு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அறைகள். மேலாளர் அவரை அழைத்து, பையைக் கொண்டுவரச் சொல்லி, வரவேற்பு மேசைமேல் கொட்டினார். ஒரு சீப்பு, ஒரு மாத்திரை அட்டை, பேருந்துச் சீட்டுகள், ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதையும் திறக்கச் சொன்னார். சோறும் கோங்கூராத் துவையலும் இருந்தன. மேலாளர் ஒரு கரண்டியை எடுத்துச் சோற்றைக் கிளறிப் பார்த்தார். நாலைந்து விருந்தினர்கள் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாள் அழவில்லை. "நான் எடுக்கவில்லை சார்" என்று தெலுங்கில் இரண்டுமுறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை.

மேலாளர் புகார்ப் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். எழுத்து வேலைக்காரனுக்குப் பேனாவைக் கண்டால் கை நிற்காது. அறை எண், நேரம், பொருள், எடை எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, "அறையைச் சுத்தம் செய்தவர் மீது சந்தேகம்" என்று முடித்துக் கையொப்பமிட்டேன்.

நான் இதைச் செய்திருக்கக் கூடாது என்பதற்கு அறம் பேசும் நூல்கள் வேண்டியதில்லை. என் வேலையே போதும். முன்பு ஒரு நிலையத்தில் பார்சல் அலுவலகத்தில் இருந்தபோது ஒரு மூட்டை எடை குறைந்து வந்தது. வண்டியில் ஏற்றியவர், வழியில் இறக்கியவர், காவலர் என்று பல கை பட்ட மூட்டை. கேள்வி மட்டும் கடைசியில் கையொப்பமிட்ட என்னிடம் வந்தது. அனுப்பிய இடத்திலேயே எடை தவறாகக் குறிக்கப்பட்டது என்று தெரியவர ஒன்பது நாளாயிற்று. அந்த ஒன்பது நாளும் உடன் வேலை செய்தவர்கள் என்னோடு தேநீர் அருந்த வரவில்லை. இவ்வளவையும் அனுபவித்தவன், விடுதி மேசையின் பின்னால் ஆணியில் அறைச் சாவி காலை முழுவதும் தொங்கியதைக் கண்டும், "இந்தச் சாவியை வேறு யார் எடுத்திருக்க முடியும்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சாவிப் பலகைக்கு மேலேயே, விலையுயர்ந்த பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பன்று என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். இத்தகைய அறிவிப்பு எல்லா விடுதியிலும் உண்டு. எங்கள் ரயில்வேயிலும் ஏறக்குறைய இதே பாட்டுத்தான்: 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி, பதிவு செய்து ரசீது பெறாத சுமைக்கு ரயில்வே பொறுப்பேற்காது, பயணி தம்முடன் வைத்திருக்கும் சுமை என்றால், ரயில்வேயின் கவனக்குறைவையோ தவற்றையோ அவர் மெய்ப்பிக்கவும் வேண்டும். ஆனால் விடுதிகள் பலகையை மாட்டிவிட்டதால் மட்டும் தப்பிவிட முடியாது. டில்லி ஹோட்டல் ஒன்றில் 1998-இல் விருந்தினர் சாவியோடு ஒப்படைத்த கார் களவுபோன வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் ஹோட்டலையே பொறுப்பாக்கியது. சீட்டின் பின்னால் "உரிமையாளர் பொறுப்பில்" என்று அச்சிட்டிருந்தாலும், காவலில் கவனக்குறைவு இருந்தால் விடுபட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே நகையை மேசையில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள் என்று நம் வீடுகளுக்கு வரும் உறவினரிடம் சொல்லுங்கள். ரசீது இருந்தால் கேள்வி நிர்வாகத்தைக் கேட்கும். இல்லையென்றால் அது வாளி தூக்குகிறவரிடம் போய் நிற்கும். விடுதிகளில் பணியாளரே திருடுவது நடக்காததன்று. நடக்கிறது. அதற்காகத்தான் ரசீது என்கிறேன்.

மூன்றாம் நாள் காலை கும்பகோணத்திலிருந்து தொலைபேசி வந்தது. அத்தை பேசவில்லை, அவர் மகள் பேசினாள். திருமண வீட்டில் கொடுத்த தாம்பூலப் பை ஒன்றில், தேங்காய்க்கு அடியில், கைக்குட்டையில் முடிந்தபடி சங்கிலி கிடைத்தது. விடுதியில் பயம் என்று முதல் நாள் இரவு அத்தையே அதில் ஒளித்து வைத்து மறந்திருக்கிறார். அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுப்பதற்காகப் பையை எடுத்தபோது தெரிந்தது. "அந்தம்மாவுக்குச் சொல்லிடுங்க அண்ணா" என்றாள். பின்னால் அத்தை எதையோ முணுமுணுப்பது கேட்டது.

அன்று மாலை வேலை முடிந்ததும் விடுதிக்குப் போனேன். அந்த அம்மாள் இல்லை. விஷயம் தீரும்வரை வரவேண்டாம் என்று மேலாளர் அனுப்பிவிட்டாராம். சங்கிலி கிடைத்துவிட்டது என்றேன். "அப்படியா, நல்லது சார்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்தார். நாளையே அவரை அழைக்க வேண்டும் என்று வற்புறுத்தி, என் எதிரிலேயே தொலைபேசியில் பேசவைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே சென்றேன். அந்த அம்மாள் வந்திருந்தார். நான் கொண்டுபோன நான்கு நாள் கூலியை வாங்கி, எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். அத்தையின் பெயரால் நான் வாங்கிச் சென்ற சேலையைப் பிரித்துப் பார்க்கவில்லை, மேசைமேலேயே இருந்தது. எனக்குத் தெரிந்த தெலுங்கில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கும் பதில் சொல்லவில்லை. "அன்று ஒரு புத்தகத்தில் எழுதினீர்களே, அது இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். மேலாளருக்கு விருப்பமில்லை, பக்கத்தை அடிக்கக் கூடாது என்றார். அடிக்கவில்லை. நான் எழுதியிருந்ததன் கீழேயே, பொருள் எங்கள் பையிலேயே கிடைத்தது, பணியாளர் மீது சொன்னது தவறு என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

"படியுங்கள்" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரியாகத் தெலுங்கில் சொன்னேன். மேலாளரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தேதி போட்டீர்களா?"

போட்டிருக்கிறேன் என்று விரலால் காட்டினேன். அந்த எண்களைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிப் போனார்.