ஜூன் 2: இளையராஜா - மணிரத்னம்... ஒரே தேதி, 10 படங்கள்!

ஜூன் 2 காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஸ்டேட்டஸ் முழுக்க இரண்டே முகங்கள்தான். அப்பாக்களின் ஸ்டேட்டஸில் ஆர்மோனியத்தோடு இளையராஜா. பிள்ளைகளின் ஸ்டேட்டஸில் மணிரத்னம். இருவரையும் ஒரே படத்தில் ஒட்டி, 'என்ன ஒரு பொருத்தம்!' என்று போடுபவர்களும் உண்டு.

ஆனால், அந்தப் பொருத்தம் தானாக அமைந்ததில்லை. மணிரத்னம் பிறந்தது 1956 ஜூன் 2. இளையராஜா பிறந்ததோ 1943 ஜூன் 3. அது கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாளும்கூட. தனக்கு 'இசைஞானி' பட்டம் கொடுத்தவரை அன்றைக்கு எல்லோரும் கொண்டாடட்டும் என்று, ராஜா தன் கொண்டாட்டத்தை ஒரு நாள் முன்னதாக மாற்றிக்கொண்டார். சாதாரண விஷயமா இது? வீட்டில் அண்ணன் தம்பிக்கு ஒரே வாரத்தில் பிறந்தநாள் வந்தாலே, யாருக்குப் பெரிய கேக் என்று பஞ்சாயத்து நடக்கிறது! (போதாததற்கு ஜூன் 4 எஸ்.பி.பி-யின் பிறந்தநாள். அந்த வாரம் எஃப்.எம்-காரர்களுக்குப் பாட்டுத் தேடும் வேலையே இல்லை.)

தேதி ஒன்றானதற்கு முன்பே இருவரையும் சேர்த்தது சினிமா. 1983-ல் மணிரத்னத்தின் முதல் படம், கன்னடத்தில் 'பல்லவி அனுபல்லவி'. ஹீரோ அனில் கபூர். ராஜா அப்போது உச்சத்தில் இருந்தவர். புது இயக்குநரின் பட்ஜெட்டுக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு இசையமைத்தார். அந்தப் படத்தின் மெட்டு ஒன்று பல வருடங்கள் கழித்து ஐடியா செல்போன் விளம்பரத்தில் ஒலித்தது. அதை முணுமுணுத்துத் திரிந்த பலருக்கு, அது யார் போட்ட மெட்டு என்றே தெரியாது.

அடுத்து மலையாளத்தில் 'உணரு', தமிழில் 'பகல் நிலவு', 'இதய கோவில்'. 1986-ல் வந்த 'மௌன ராகம்'தான் திருப்பம். கார்த்திக் வரும் காட்சிகளின் பின்னணி இசை, படமே பார்க்காத பிள்ளைகளின் போனில்கூட ரிங்டோனாக அடிக்கிறது. 1987-ல் வந்த 'நாயகன்' ராஜாவுக்கு 400-வது படம். 1990-ல் வந்த 'அஞ்சலி' 500-வது. மூன்றே வருடத்தில் நூறு படங்கள்! நடுவே 'அக்னி நட்சத்திரம்', தெலுங்கில் 'கீதாஞ்சலி'.

1991 தீபாவளிக்கு 'தளபதி'. ரஜினி, மம்முட்டி, கூடவே ராக்கம்மா. 2002-ல் பி.பி.சி நடத்திய உலக வாக்கெடுப்பில் அந்தப் பாட்டு நான்காவது இடம் பிடித்தது.

அது இருவரும் சேர்ந்த பத்தாவது படம். அதுவே கடைசி. அடுத்த வருடம் ஆகஸ்ட் 15-ல் 'ரோஜா' வந்தது. இசை, ஒருகாலத்தில் ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த 25 வயது ரஹ்மான்.

'இன்னும் ஒரு படம் சேர்ந்து பண்ணக் கூடாதா?' என்று கேட்காத ரசிகர் கிடையாது. அப்பா 'தளபதி'யை இழுப்பார், பிள்ளை 'ரோஜா'வை இழுக்கும். நியாயமாகப் பார்த்தால், அந்தக் கூட்டணி தொடர்ந்திருந்தால் 'ரோஜா'வின் இசை அப்படி வந்திருக்காது. அதற்காக, அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவே ரயில் கூவும் அந்தத் 'தளபதி' காட்சிகளைப் பார்க்கும்போது ஏக்கம் வராமலும் இருக்காது.

24 மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் எல்லாம் மறைந்துவிடும். விடிந்தால் ஜூன் 3. ராஜா நிஜமாகவே பிறந்த தேதி. அன்றைய ஸ்டேட்டஸ்களில் கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டுமாகக் கலைஞர் சிரித்துக்கொண்டிருப்பார்.